ஏழாவது கட்டத்தில் ஒரு டிக்

9 ஜூன் 2025, திங்கள்

நான் அப்பவே சொன்னேன். இந்தத் தொப்பியால் ஒருநாள் நமக்குத்தான் வினை வரும் என்று மாசி மாதமே, கேன்டீனில், எல்லோர் எதிரிலும் சொன்னேன். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? "பயப்படாம கையெழுத்துப் போடுங்க, நான் இருக்கேன்" என்று சொன்னவனும் நீதானே என்று கேட்கலாம். அது வேறு. வாய் தைரியம் சொன்னது. உள்ளுக்குள் எனக்கு எல்லாம் தெரியும்.

காலை பத்து மணிக்கு குவாலிட்டி மேனேஜர் குருமூர்த்தி சார் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார். கண்ணால் பார்த்துச் சோதிக்கும் விஷுவல் டேபிளில் வேலை செய்யும் பதினோரு பேரில் இரண்டு பேர் இனிமேல் பேக்கிங். ஒன்று முனிலட்சுமி. இன்னொன்று வெங்கடப்பன். அதாவது நான்!

இருபத்திரண்டு வருஷமாக அந்த டேபிளில் பேரிங் ரிங் பார்க்கிறேன். டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்து விரலால் ஒரு சுற்று. முடி அளவு விரிசல் இருந்தாலும் சிவப்பு ட்ரேக்குப் போய்விடும். விரிசல் விழுந்த ரிங் வந்தால் என் கட்டைவிரல் தானாகச் சூடாகும். இதை நேரில் பார்த்த ஜப்பான்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் வைத்தார். (அவர் தொப்பி போட்டிருந்தாரா என்பது இப்போது சரியாக நினைவில்லை. வணக்கம் வைத்தது நிஜம்.)

பிப்ரவரியில் எங்கள் கம்பெனியிலிருந்து போன சரக்கில் விரிசல் ரிங்குகள் கிடந்ததாகப் புகார் வந்தது. கண் எப்படித் தவறவிடுகிறது என்று கண்டுபிடிக்கப் பெங்களூரிலிருந்து ஒரு கல்லூரிக் குழு வந்தது. தலையில் கோந்து மாதிரி ஒரு பசை தடவி, வயர் தொங்கும் தொப்பியை மாட்டி, மூளைக்குள் ஓடும் மின்சாரத்தைக் கோடு கோடாகக் கம்ப்யூட்டரில் எடுத்தார்கள். நல்ல ரிங்குகளுக்கு நடுவே அவர்களே கெட்ட ரிங்கைக் கலந்துவிடுவார்கள். யார் பிடிக்கிறார், யார் விடுகிறார், விடுகிற நேரத்தில் மூளை என்ன செய்துகொண்டிருந்தது, இதுதான் ஆராய்ச்சி. என் கோட்டைப் பார்த்ததும் பெரிய புரொபசரே நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அவர் ஃபேன் போட எழுந்தார் என்று டேபிளில் என் பக்கத்தில் உட்காரும் அஜாஸ் சொல்கிறான். அவனுக்கு வயிற்றெரிச்சல்.

அந்தக் குழுவில் என் அக்கா மங்கம்மாவின் மகள் அருணாவும் ஒருத்தி. அதனால்தான் இந்த எழுத்து.

டேபிளில் எல்லோரும் பயந்தார்கள். மண்டைக்குள் இருப்பதை ஆபீசுக்குப் போட்டுக் கொடுத்துவிடுவார்களோ என்று. நான்தான் சொன்னேன்: "எங்க அருணா எனக்குச் சத்தியம் பண்ணியிருக்கா. பேர் போட்ட ரிசல்ட் சீட்டு ஒண்ணுகூட ஆபீஸ் வாசப்படி ஏறாது." சூளகிரிப் பெருமாள் கோயில் வாசலில், என் உள்ளங்கையில் அடித்துச் செய்த சத்தியம். அந்த ஒரு சொல்லை நம்பிப் பதினோரு பேர் தலையைக் கொடுத்தார்கள்.

இன்றைக்குப் பதினோரு சீட்டும், பேரோடு, குருமூர்த்தி சார் மேஜையில் இருக்கிறது.

சொந்த அக்கா மகள். காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்து அழுது என் வேட்டியை நனைத்தவள். அவள் எனக்குச் செய்தது இது.

10 ஜூன், செவ்வாய்

வீட்டில் பதவி உயர்வு என்று சொல்லிவிட்டேன். பேக்கிங் இன்சார்ஜ். என் மனைவி மாதேஸ்வரி கேசரி செய்தாள்.

12 ஜூன், வியாழன்

பேக்கிங்கில் நாலாவது நாள். ரிங்கை எண்ணெய்த் தாளில் சுற்று, பெட்டியில் வை, மூடு. கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். அதுதான் அவமானம்.

கேன்டீனில் முனிலட்சுமி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. அவள் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நாலு மணிக்கு ஓசூரில் டயாலிசிஸ். விஷுவலுக்கு எப்போதும் முதல் ஷிப்டுதான். இரண்டரைக்கு வேலை முடிந்ததும் ஓடிப்போய் அவரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள். பேக்கிங்கில் ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். இருபத்துமூன்றாம் தேதியிலிருந்து அவளுக்கு மதிய ஷிப்ட்.

"இருவத்திநாலு செவ்வாக்கெழமைணா. அன்னிக்கு அவரை யாரு கூட்டிக்கினு போவாங்க? முடிச்சு எறக்கினா அந்த மனுஷனால நிக்கக்கூட முடியாது."

"வேற நேரம் கேட்டுப் பாக்கலாமில்ல?"

"கேட்டேன். நேரம் காலியானா சொல்றாங்களாம். யாராச்சும் செத்தாத்தான் காலியாகும். அதுக்கு நான் சாமியா கும்பிட முடியும்?"

அவள் டப்பாவை நானே திறந்து அவள் பக்கம் தள்ளினேன்.

அதற்குள் அஜாஸ் டீயோடு வந்துவிட்டான். "என்னாணா, சத்தியம் என்னாச்சு?"

"கற்பூரத்தை அணைச்சுப் பண்ண சத்தியம்டா. அவ இப்படிப் பண்ணுவான்னு யாரு கண்டா?"

"அன்னிக்கு போன்ல பண்ணான்னு சொன்னியே?"

"முதல்ல போன்ல. அப்புறம் கோயில்ல. ரெண்டு தடவை."

"ரெண்டு தடவையுமே தப்பிட்டாளா? பலே குடும்பம்ணா!" டேபிளே சிரித்தது. முனிலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. "படிச்ச பொண்ணு, என்னை மாதிரி பொம்பளைங்க வயித்துல அடிக்கலாமா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தூருக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன். அருணா வருகிறாளாம். பார்த்துவிடுகிறேன் ஒரு கை.

15 ஜூன், ஞாயிறு

மத்தூர் போய் வந்தாயிற்று. முதலில் நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. சரி, பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

அருணா எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "உக்காரு மாமா. முதல்ல உன்னோடதைப் பாரு. இது உன் டேட்டா, உனக்குக் காட்டலாம்" என்று லேப்டாப்பைத் திறந்தாள். திரை முழுக்கக் கோடுகள். நடுக்கத்தில் வரைந்த கோலம் மாதிரி இருந்தது.

பொதுவாக ஒரு ஆள் கெட்ட ரிங்கைத் தவறவிடுவதற்குச் சில நொடிகள் முன்னாலேயே மூளையில் மெதுவான அலை ஒன்று பெரிதாகிறதாம். கண் திறந்திருக்கும், கவனம் வெளியே போயிருக்கும். நிறையப் பேருக்கு அப்படித்தானாம்.

"எனக்கு அந்த அலையே வந்திருக்காதே" என்றேன்.

"உனக்கு அது கம்மிதான் மாமா."

"பாத்தியா அக்கா!"

"இரு. உன்னோடது வேற மாதிரி. இந்த இடத்துல கெட்ட ரிங் உன் கண்ணுல படுது. அரை நொடிகூட ஆகல, கோடு சட்டுன்னு மேல எழும்புது பாரு. உன் மூளை புடிச்சிருச்சு. ஆனா கை அதை நல்ல ட்ரேலயே வெச்சிருக்கு. நீ தவறவிட்ட ரிங்குல ஒன்பது இப்படி."

"அப்ப நான் தெரிஞ்சே விட்டேங்கிறியா?"

"தெரிஞ்சேன்னு என்னால சொல்ல முடியாது. உள்ள தெரியறதுக்கும் கை செய்யறதுக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு நழுவுது. அது என்னன்னுதான் நாங்களும் தேடறோம்."

முனிலட்சுமியின் கோட்டைக் காட்டு என்றேன். மாட்டேன் என்றாள். "அது அவங்களோடது. அவங்க கேட்டா அவங்களுக்குத் தருவேன்." இந்த ஒழுக்கம் ஆபீசுக்குச் சீட்டு அனுப்பும்போது எங்கே போயிற்று என்று கேட்டேன்.

"ஒரு நாள் சோதனையை வெச்சு யாரையும் எடை போடாதீங்கன்னு ரிப்போர்ட்லயே எழுதினோம் மாமா. அவங்க மதிக்கல. சீட்டை அனுப்பாம இருக்க எங்களால முடியல. சம்மதப் படிவத்துல ஏழாவது கட்டம்னு ஒண்ணு இருக்கு. 'என் தனிப்பட்ட முடிவை நிர்வாகத்துக்குத் தரலாம்'னு. இஷ்டம் இருந்தா மட்டும் டிக் போடணும். பதினோரு பேர் படிவத்துலயும் டிக் இருந்துச்சு."

பிறகு என் முகத்தையே பார்த்தாள். "படிவத்தை உன் கையில குடுக்கும்போது நான் ஒண்ணு சொன்னேனே, ஞாபகம் இருக்கா மாமா?"

சத்தியத்தைப் பற்றி அப்போதே கேட்டிருப்பேன். அக்கா பக்கத்தில் இருந்தாள். பெற்றவள் எதிரில் பெண்ணை அவமானப்படுத்த வேண்டாம் என்று பெருந்தன்மையாக விட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

16 ஜூன், திங்கள்

ஒன்பது ரிங். இன்றைக்கு முழுக்க அதே நினைப்பு. கட்டைவிரல் சூடானதா, இல்லையா?

19 ஜூன், வியாழன்

மொத்த டேபிள் சார்பாகவும் நானே குருமூர்த்தி சாரிடம் போனேன். மேஜையைத் தட்டிப் பேசினேன். லேசாகத்தான் தட்டினேன்.

"சார், எங்க ஆளுங்க யாரும் அந்த ஏழாவது கட்டத்துல டிக் போடல. ஒவ்வொருத்தரையும் கேட்டுட்டேன். எவனோ போட்டிருக்கான். இது மோசடி."

அவர் நிமிராமலே ஃபைலை எடுத்து என் பக்கம் தள்ளினார். "நோடப்பா. நீயே பாரு."

பதினோரு படிவம். கீழே பதினோரு விதமான கையெழுத்து. பக்கத்தில் ஏழு கட்டம். எழுபத்தேழு டிக்.

எங்கள் வேலையில் செக் ஷீட் என்று ஒன்று உண்டு. ஒரு ட்ரேக்கு ஒரு ஷீட், அதில் பதினாலு கட்டம். ஒன்று காலியாக இருந்தாலும் ட்ரேயோடு திரும்பி வரும், திட்டும் வரும். அதனால் காலிக் கட்டம் கண்ணில் பட்டால் போதும், எங்கள் கை தானாக டிக் போட்டுவிடும். யார் டிக் எது என்றும் எங்களுக்குள் எல்லோருக்கும் தெரியும். அஜாஸ் டிக் குட்டையாக இருக்கும். முனிலட்சுமி டிக் கோழிக்கால் மாதிரி. ஒரு டிக்கின் வால் மட்டும் மேலே ஏறி, வளைந்து, அடுத்த கட்டத்துக்குள் போய் நிற்கும். அது டேபிளில் ஒரே ஆளுக்குத்தான்.

எழுபத்தேழுக்கும் வால் வளைந்திருந்தது.

மேனேஜர்களுக்கு டிக் தெரியாது. அவர்கள் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஃபைலை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தேன். எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னாச்சுணா?"

"நான் சொன்னது சரிதான். கள்ள டிக். காலேஜ்காரங்க வேலை" என்றேன்.

எப்படிச் சொன்னேன்? வாய் தானாகச் சொன்னது. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது.

20 ஜூன், வெள்ளி

முனிலட்சுமி கல்லூரிக்குப் போன் செய்து தன் சீட்டை வாங்கியிருக்கிறாள். பேக்கிங்கில் என்னிடம் காட்டினாள். காலை ஆறு மணியிலிருந்து ஒன்றரை வரை அவள் ஒரு ரிங்கைக்கூட விடவில்லை. ஒன்றுகூட! நான் அப்படி ஒருநாளும் செய்ததில்லை. ஒன்றரைக்கு மேல்தான் அந்த மெதுவான அலை. வரிசையாக விட்டிருக்கிறாள்.

"தேதி பாருங்கணா. எனக்குத் தொப்பி போட்டது செவ்வாக்கெழமை. ஒன்றரைக்கு மேல நான் ரிங்கையா பாத்தேன்? அவரு சட்டை மாட்டிக்கினு ரெடியாயிருப்பாரா, பஸ்ல உக்கார இடம் கெடைக்குமான்னு பாத்தேன். என் தலைக்குள்ள இருக்கிற கஷ்டத்தைப் படம் புடிச்சு அதுக்கே தண்டனை குடுத்துட்டாங்க."

அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "கள்ள டிக் போட்டவங்க கை வெளங்காதுணா."

என் வலது கையை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

21 ஜூன், சனி

அருணாவுக்குப் போன் செய்தேன். "ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன்மா. ஒருத்தர் படிவத்துல வேற ஆள் டிக் போட்டிருந்தா?"

யார் என்று அவள் கேட்கவில்லை.

"அந்தச் சம்மதம் செல்லாது. கம்பெனி அத்தனை சீட்டையும் திருப்பிக் குடுக்கணும், அதை வெச்சு எடுத்த முடிவையும் விட்டுடணும். எங்க ஆராய்ச்சியிலயும் பதினோரு பேர் டேட்டாவும் போகும். நாலு மாச வேலை."

"அதுக்கு என்ன செய்யணும்?"

"டிக் போட்டவர் எழுதிக் குடுக்கணும். பேர் போட்டு." பிறகு, "நானே வந்து ஒவ்வொருத்தரையும் பாத்து வாங்கியிருக்கணும். அது என் தப்பு. நான் உங்களை நம்பிட்டேன்" என்றாள்.

உங்களை.

பேச ஆரம்பித்த நாளிலிருந்து 'நீ மாமா', 'வா மாமா'தான். இன்றைக்கு 'உங்களை'. போனை வைத்தபிறகும் காதில் அதுவே இருந்தது. குருமூர்த்தி சார் என்னைப் பேக்கிங்குக்குத் தள்ளியபோதுகூட இவ்வளவு சுருக்கென்று இல்லை.

22 ஜூன், ஞாயிறு

இதை எழுதியே ஆகவேண்டும். படிவம் கைக்கு வந்ததும் ஒருநாள் டீ இடைவேளையில் பெட்டியின்மேல் உட்கார்ந்து பதினோரு படிவத்தையும் நானே நிரப்பினேன். எல்லோரிடமும் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டேன். "மத்ததை நான் பாத்துக்கிறேன்." எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே! படித்துப் பார்த்தது போல உதட்டை அசைத்தேன். (ஏழாவதைக் காலியாகத்தான் விட்டேன் என்று இவ்வளவு நாளும் டேபிளில் சாதித்துவந்தேன்.) ஒன்று, இரண்டு, மூன்று, சரசரவென்று டிக். முனிலட்சுமி படிவத்தில் ஏழாவதுக்கு வரும்போது 'நிர்வாகம்' என்ற சொல் கண்ணில் பட்டது. பட்டது. ஒரு கணம் பேனா நின்றது. அந்த நேரம் தொப்பி என் தலையில் இருந்திருந்தால் கோடு எழும்பியிருக்கும். கை டிக் போட்டுவிட்டது.

பத்தாவது ரிங்.

23 ஜூன், திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று வரி. என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே மிகச் சின்னக் கதை அதுதான். குருமூர்த்தி சார் இரண்டு தடவை படித்தார். "இருபத்திரண்டு வருஷம் வெங்கடப்பா" என்றார். அவ்வளவுதான். கையில் மெமோ. நான் இனி விஷுவல் பக்கம் போகக்கூடாது. பதினோரு சீட்டும் கல்லூரிக்கே திரும்பிப் போகிறது. முனிலட்சுமி நாளையிலிருந்து பழைய டேபிள், முதல் ஷிப்ட்.

வீட்டுக்கு வந்து மாதேஸ்வரியிடம், இன்சார்ஜ் எல்லாம் இல்லை என்றேன்.

"தெரியும்" என்றாள். "கேசரி கிண்டும்போதே தெரியும்."

"அப்ப ஏன் கிண்டினே?"

"ரவை வண்டு பிடிக்கிற மாதிரி இருந்துச்சு."

24 ஜூன், செவ்வாய்

இன்று டயாலிசிஸுக்குப் போய் வந்துவிட்டார்களாம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததாம்.

25 ஜூன், புதன்

அஜாஸ் பேசுவதில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை.

27 ஜூன், வெள்ளி

இன்றைக்கு எனக்கு மதிய ஷிப்ட். இரண்டரைக்கு கேட்டில் நுழையும்போது முனிலட்சுமி பையைத் தூக்கிக்கொண்டு எதிரே ஓடி வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். நின்றாள்.

"ணா, டிக் விஷயத்தை மனசுல வெச்சுக்காதீங்க. வயிறு எரிஞ்சுது, சொல்லிட்டேன். இருவது வருஷப் பழக்கம், கை போட்டுருச்சு. எனக்கும் போட்டிருக்கும். வேலை போனாலும் போகட்டும்னு நீங்களே போய் எழுதிக் குடுத்தீங்க பாருங்க, அது போதும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ஆனா உங்க அக்கா மக பண்ணாளே, கோயில்ல சத்தியம் பண்ணிட்டு! அது மட்டும் எனக்கு ஆறல. டிக் இருந்தா என்னா, வாக்குக் குடுத்தவ அனுப்பலாமா? நாங்க அந்தத் தொப்பியை மாட்டுனது டிக்கை நம்பியா? அவ சத்தியத்தை நம்பித்தானே. நீங்க எவ்ளோ எழுதிக் குடுத்தாலும் அவ பண்ணது துரோகம்தான்ணா."

அவள் பஸ் வந்துவிட்டது. ஓடிவிட்டாள்.

மூன்று வரி எழுதியதில் சத்தியத்தைப் பற்றி எதுவும் இல்லை. கேன்டீனில் இன்னமும் அருணா பேர் சத்தியம் தவறினவள் என்றுதான் ஓடுகிறது. அவள் போனை எடுப்பதில்லை. மங்கம்மா அக்காவும் எடுப்பதில்லை. முனிலட்சுமி திங்கட்கிழமைதான் மறுபடி வேலைக்கு வருவாள். மதிய ஷிப்டுக்கு முன்னாலேயே போய் அதே கேட்டில் நிற்க வேண்டும். இங்கே முதலில் எழுதிப் பார்த்தால் அங்கே வாயில் வரும்.

கோயில் இல்லை. கற்பூரம் இல்லை. போனும் இல்லை. அருணா எந்தச் சத்தியமும் பண்ணவில்லை. பிப்ரவரியில் ஒருநாள் சூளகிரி பஸ் ஸ்டாண்டில், கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் படிவக் கட்டை என்னிடம் நீட்டினாள். அன்றைக்கு அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ஏழாவதை மட்டும் எல்லாருக்கும் சத்தமா படிச்சுக் காட்டிடு மாமா."